மேடையளவில் வந்த சட்டகம்

பலாப்பாலின் பிசுபிசுப்பும் பழைய மசகின் நெடியும் கலந்தால் எப்படி மணக்கும் தெரியுமா, நண்பர்களே?

எனக்குத் தெரியும். மலைமேலுள்ள சோளக்காட்டுப் பேருந்து நிறுத்தத்தில், ஒரு வைகாசி நண்பகலில், அந்த மணம் என் கைகளில் ஒட்டிக்கொண்டது. காலையில் மலையிறங்கிய பலாப்பழங்கள் பேருந்துக் கூரையில் விட்டுச்சென்ற பாலெல்லாம், சேலத்திலிருந்து அதே கூரையில் ஏறி வந்த என் மிதிவண்டிச் சட்டகத்தின்மேல்!

சக்கரமில்லை, சங்கிலியில்லை. வெறும் சட்டகம். ஆனால் என் மானமே அதில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

அவ்வாண்டுப் பொங்கல் விழா மேடையில் வாய் சும்மா இருந்திருக்கலாம்... உடல்நலம் பற்றிப் பேசிக்கொண்டே வந்தவன், கைதட்டலின் வேகத்தில் முழங்கிவிட்டேன்.

"அடுத்த பொங்கலுக்கு, என் கையால் பூட்டிய மிதிவண்டியில் அடிவாரத்திலிருந்து ஏறி வந்து இம்மேடையில் பேசுவேன்! இயலாவிடில், இனி ஒலிவாங்கியைத் தொடேன்!"

முன்வரிசையில் மிளகு வியாபாரி ஒருவர் எழுந்தார்.

"ஏனுங்க, பஸ்ஸே முக்கி முனகித்தான் ஏறுதுங்க. மைக்க இப்பவே குடுத்திருங்க!"

கூட்டம் சிரித்தது. எனக்கோ ஒலிவாங்கிதான் பிழைப்பு. பேச்சை விட்டால் எனக்கு வேறெதுவும் தெரியாது.

புதிய பந்தய வண்டி என் வருமானத்துக்கு எட்டாத கனி. பழைய உறுப்புகளைத் தேடிச் சேர்த்து நானே பூட்டுவதென்று முடிவு செய்தேன். சேலத்தில் பழைய மிதிவண்டிகள் விற்கும் மணி, என் கூட்டங்களைத் தேடி வந்து கேட்கும் அன்பர். அவரைத் தொலைபேசியில் அழைத்தேன்.

"மணி, நல்லதொரு சட்டகம் வேண்டும்."

"சட்டமன்றமுங்களா? அது நம்ம கடையில கெடைக்காதுங்களே!"

"பிரேம் ஐயா, பிரேம்!"

"அட, அப்படிச் சொல்லுங்க! அளவெல்லாம் நான் பாத்துக்கறேனுங்க. உங்களத் தெரியாதா எனக்கு?"

நம்பினேன். அவர் அனுப்பிய சட்டகம்தான் அன்று பேருந்துக் கூரையிலிருந்து இறங்கியிருந்தது. ஓட்டுநரும் நடத்துநரும் இருபுறமும் சக்கர உயரத்துக்குத் தூக்கிப் பிடிக்க, நடுவில் கால்பரப்பி நின்றேன். பாதம் தரையில் பதியவில்லை. நுனிக்காலில் நாட்டியக்காரன்போல் நின்றேன்.

"சாமி, இதுல ஏறறதுக்கு ஏணி வேணுமாட்ட இருக்குதே!" என்றார் நடத்துநர்.

அங்கிருந்தே மணியை அழைத்தேன். "இது யாருக்குரிய அளவு?"

"உங்களுக்குத்தாங்க. ஆறடி ஆளுக்கு இதுதாங்க கணக்கு."

"நான் ஆறடியா?"

"மேடையில பாத்தப்ப அப்படித்தானுங்க இருந்தீங்க!"

அருகில் அன்னாசி வாங்கிக்கொண்டிருந்த ஒரு பெண் வாய்விட்டுச் சிரித்தார். அவர் ஸ்டெல்லா. திண்டுக்கல் பக்கத்துக்காரர், சுகாதார நிலையத்தில் செவிலியர், என்னைவிட ஒரு தலை உயரம். படிக்கும் காலத்தில் மிதிவண்டிப் பந்தயங்களில் கலந்துகொண்டவராம்.

"சார், குரல வச்சு பிரேம் வாங்கக் கூடாது. கால வச்சு வாங்கணும்."

மறுநாள் சுகாதார நிலையத்தில் அளவெடுப்பு. வெறுங்காலில் சுவரோடு ஒட்டி நின்று, தடித்த புத்தகமொன்றைத் தொடைகளுக்கிடையே மேலேற்றி இடுக்கிக்கொள்ள வேண்டும். தரையிலிருந்து புத்தகத்தின் மேல்விளிம்புவரை அளந்து, அதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கை எடுத்தால் அதுவே சட்டக அளவு. என் பையிலிருந்த தடித்த புத்தகம்... தமிழ் அகராதி!

தயங்கினேன்.

"இத்தனை வருசமா தலையில தூக்கி வச்சிருக்கீங்கல்ல? கொஞ்ச நேரம் கீழ வைங்க சார்."

எனக்கு வந்த அளவு ஐம்பது சென்டிமீட்டர். மணி அனுப்பியது ஐம்பத்தாறு. ஸ்டெல்லா தன் அளவைத் தனியே எடுத்துக்கொண்டு வந்தார், முகமெல்லாம் சிரிப்பு.

"அம்பத்தாறு! சார், இது எனக்கு வந்த பார்சலு."

எனக்குச் சின்னதொரு சட்டகம் பின்னால் வந்தது. சுகாதார நிலையத்துக்குப் பின்னிருந்த கொட்டகையில், மாலைதோறும் இரண்டு வண்டிகளும் வளர்ந்தன. நான் "பின்சக்கரத்துப் பெரிய பற்சில்லை எடுங்கள்" என்பேன், அவர் "எது சார், இந்த தோசைக்கல்லா?" என்பார். மலையேற்றத்துக்கு அந்தத் தோசைக்கல்தான் உயிர். இடப்பக்க மிதிகட்டையை எதிர்த்திசையில் முறுக்க வேண்டும் என்பதறியாமல் ஒருநாள் வியர்க்க வியர்க்கத் திருகினேன்.

"லெஃப்ட்டு எப்பவும் எதிர்ப்பக்கம்தான் திரும்பும் சார். ஊரெல்லாம் பேசறீங்க, இது தெரியாதா?"

பொங்கலும் வந்தது. பனி விலகாத காலையில் அடிவாரத்தில் மிதிக்கத் தொடங்கினோம். வளைவுக்கு வளைவு தொடை எரிந்தது, நெஞ்சு பறையடித்தது, ஆனால் சட்டகம் என் உடம்போடு உடம்பாக ஏறியது. ஸ்டெல்லா பாதி வழியிலேயே கண்ணுக்கு மறைந்துவிட்டார். நான் சோளக்காட்டில் நுழைந்தபோது அவர் முன்வரிசையில் அமர்ந்து அன்னாசித் துண்டு தின்றுகொண்டிருந்தார்.

மேடையேறினேன். ஒலிவாங்கியைப் பற்றினேன். ஒரு மணி நேர உரை நெஞ்சில் அடுக்கியிருந்தது. மூச்சு மட்டும் இல்லை. தமிழின் அத்தனை அடுக்குமொழியும் கைவிட, நான் பிறந்த இம்மலையின் வளப்பூர் நாட்டு வாய் தானாய்த் திறந்தது.

"ஏறிட்டேனுங்க!"

அவ்வளவுதான் உரை. வாழ்நாளில் அப்படியொரு கைதட்டல் நான் பெற்றதில்லை. மிளகு வியாபாரிதான் முதலில் எழுந்தார்.

"மைக்க நீங்களே வச்சுக்கோங்க சாமி!"

இன்று அதே வளைவுகளில் விடுமுறை நாள்தோறும் இறகுபோன்ற வண்டிகள் ஏறுகின்றன. அளவைக் கைப்பேசியே சொல்லிவிடுகிறது. தவறான சட்டகம் எவருக்கும் வருவதில்லை. நல்லதுதான்... ஆயினும் அவ்விளைஞர்களைப் பார்க்கையில் எனக்குச் சிறியதோர் இரக்கம். தப்பான அளவொன்று யாரைக் கொண்டுவந்து சேர்க்கும் என்று அவர்களுக்குத் தெரிய வழியில்லையே!

ஸ்டெல்லா இன்று என் வாழ்க்கைத் துணை. எங்கள் வீட்டுச் சுவரில் அவ்விரு வண்டிகளும் அருகருகே தொங்குகின்றன. வருகிற விருந்தினரெல்லாம் பெரியதைத் தொட்டுப் பார்த்து, "ஐயாவோட வண்டிங்களா?" என்கிறார்கள்.

ஸ்டெல்லா சிரிக்காமல் கேட்பார்:

"நீங்களும் இவர மேடையிலதான் பாத்திருக்கீங்களா?"