தெற்குக் காயலின் சிப்பிகள்

தெயூராவின் அம்மா வைத்தியத்துக்காக ரரோதோங்கா என்ற பெரிய தீவுக்குக் கப்பலேறிப் போனாள், திரும்பி வரவில்லை. தம்பி அபெரா அப்போது தவழ்ந்துகொண்டிருந்தான். அன்றிலிருந்து அவனை இடுப்பில் சுமந்தவள் தெயூராதான். காயலில் மூச்சடக்கி முக்குளிக்கக் கற்றுக்கொடுத்ததும் அவள்தான். கல்யாணமாகி மெத்துவாவின் வீட்டுக்குப் போனபோதுகூடத் தம்பியைக் கையோடு கூட்டிக்கொண்டு போனாள்.

பசிபிக் கடலில் இருக்கும் மோத்துரோவா தீவு என்பது வளையமாகக் கிடக்கும் மணல் திட்டுகள்தான். நடுவில் காயல். மலை இல்லை, ஆறு இல்லை, மண்ணைத் தோண்டினால் பவளக்கல். தேங்காயும் மீனும் போக மற்ற எல்லாம் கப்பலில் வரவேண்டும். அப்பா காலத்தில் சட்டைப் பொத்தானுக்காகச் சிப்பி எடுத்தார்கள். பிளாஸ்டிக் பொத்தான் வந்ததும் அந்தப் பிழைப்பு போயிற்று. பிறகு கொப்பரை. அதற்கும் விலை விழுந்தபின் கப்பலே எப்போதாவதுதான் எட்டிப் பார்த்தது. ஊர் காலியாகிவிடும் என்றிருந்த நேரத்தில் கறுப்பு முத்து வந்தது.

முத்து விளையச் சிப்பிக்குள் மணி வைக்க ஜப்பான்காரர் ஒருவர் வருவார். கை பிசகினால் சிப்பி அந்த மணியைத் துப்பிவிடும். வேலை செய்யும்போது யாரையும் அருகில் விடமாட்டார். தெயூரா அவருக்குச் சோறாக்கிப் போட்டாள், சிப்பி கழுவிக் கொடுத்தாள், கத்தியைத் துடைத்துக் கொடுத்தாள். மூன்றாவது முறை அவர் வந்தபோது அவளும் பக்கத்தில் உட்கார்ந்து மணி வைத்துக்கொண்டிருந்தாள். தீவில் அந்த வேலை தெரிந்த முதல் ஆள் அவள்தான்.

அபெரா ஊர்த் தலைவர் பதவிக்கு நின்றபோது வீடு வீடாகப் போனாள். "வாயாடிதான், ஒத்துக்கறேன். ஆனா சொன்னா சொன்னபடி நிப்பான். நான் வளர்த்த பிள்ளை" என்றாள். அவள் முகத்துக்காகவே பலர் அவனுக்கு ஓட்டுப் போட்டார்கள்.

இரண்டாயிரமாவது ஆண்டில் காற்று நின்றுவிட்டது. காயல் தண்ணீர் தேத்தண்ணி மாதிரிச் சுட்டது. தெற்குப் பக்கத்தில் சிப்பிகள் வாய் பிளந்து சாகத் தொடங்கின. காயலுக்குக் குறுக்கே ஒரு பவள மேடு ஓடுவதால் வடக்குப் பக்கத்தில் நோய் இல்லை. ஊர்க் கூடத்தில் அபெரா எழுந்து நின்று சொன்னான்: "தெற்குச் சிப்பி ஒண்ணுகூட மேட்டைத் தாண்டக்கூடாது. என்னுதும் சரி, எங்க அக்காளதும் சரி."

"சிப்பிக்குக் கால் முளைச்சு அதுவா நடந்து போனா என்ன பண்ணுவீங்க தலைவரே?" என்று முக்குளிக்கும் தாங்கி என்பவன் கேட்டான்.

"உன் வீட்டுச் சிப்பின்னா கால் முளைச்சாலும் முளைக்கும். பிடிச்சுச் சுட்டுத் தின்னுடு" என்றான் அபெரா. கூடமே சிரித்தது. தெயூராவுக்குப் பெருமையாக இருந்தது. அவளுடைய சிப்பிகள் பெரும்பாலும் தெற்கில்தான் இருந்தன. மெத்துவாவும் அவளும் அவை சாவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். செத்ததைக் கரைக்குக் கொண்டுவந்து புதைத்தார்கள்.

ஒரு திங்கட்கிழமை, வடக்கே தனக்கிருந்த கொஞ்சச் சிப்பிகளில் பாசி சுரண்டப் போனவள், தன் சிப்பிக் கயிறுகளுக்குப் பக்கத்தில் புதிதாகச் சில கயிறுகள் தொங்குவதைக் கண்டாள். மேலே மிதவை இல்லை. இழுத்துப் பார்த்தாள். நோய்கண்ட சிப்பிகள். அபெரா வழக்கமாகக் கட்டும் சிவப்புத் துணி, கயிற்றின் முனையில் இருந்தது.

நேராக அவன் வீட்டுக்குப் போனாள். அவன் வலை பின்னிக்கொண்டிருந்தான்.

"எப்ப கொண்டுபோன?"

அவன் தலை நிமிரவில்லை. "நேத்து. எல்லாரும் கோயில்ல இருந்தப்ப."

"நீ காய்ச்சல்ல கிடக்கறன்னு ஊரே முட்டி போட்டு ஜெபம் பண்ணுச்சுடா. நான் அழுதுகிட்டே பாடினேன்."

"மொத்தமும் தெற்கதான் இருந்துச்சுக்கா. சாகறதைப் பார்த்துக்கிட்டு உட்காரச் சொல்றியா?"

"என்னுதும் அங்கதான் செத்துச்சு. நான் உட்கார்ந்துதான் பார்த்தேன்."

அவன் மறுபடி வலையைப் பின்னினான். தெயூரா குரலைத் தணித்துக்கொண்டாள். "காலையில ரெண்டு பேரும் போய்த் தூக்கிட்டு வந்து புதைச்சுடலாம். யாருக்கும் தெரிய வேண்டாம்."

"சரிக்கா. வர்றேன்."

காலையில் படகடியில் வெகு நேரம் காத்திருந்தாள். அவன் வரவில்லை. காத்திருந்தால் நோய் பரவும் என்று தனியாகவே போனாள். ஒவ்வொரு கயிறாக மேலே இழுத்துப் படகில் போட்டாள். பாதி வேலையில் இருக்கும்போது தாங்கியின் படகு வந்து நின்றது. அவனோடு இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள். தாங்கி எட்டிப் பார்த்தான். அவன் முகம் மாறியது.

"என்ன தெயூரா, வடக்கே புதுக் குடித்தனமா?"

தம்பி பெயரைச் சொல்லாமல் அதற்குப் பதில் சொல்ல வழியில்லை. அவள் அடுத்த கயிற்றை இழுத்துப் படகில் போட்டாள்.

மதியமே கூடம் நிறைந்துவிட்டது. அபெரா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கடைசியாக வந்து தலைவர் நாற்காலியில் உட்கார்ந்தான். தாங்கி பார்த்ததைச் சொன்னான். எல்லாரும் தெயூராவைப் பார்த்தார்கள். அவள் தம்பியைப் பார்த்தாள். சொல்லிவிடுவான் என்றே அந்த நிமிடம்வரை நம்பினாள்.

அவன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: "வேண்டாம்னுதான் சொன்னேன். கேக்கல."

அவளுக்கு முதலில் விளங்கவில்லை. யாரைப் பற்றியோ பேசுகிறான் என்று நினைத்தாள். "அபெரா, என் மூஞ்சியைப் பார்த்துச் சொல்லு" என்றாள்.

அவன் பார்த்தான். பார்த்து, அதையே இன்னொரு தடவை சொன்னான்.

"அது அவன் கயிறு. சிவப்புத் துணியைப் பாருங்க."

அபெராவின் மனைவி மொயெரோவா எழுந்தாள். "அந்தக் கயிறெல்லாம் போன வருஷம் அக்காவுக்கு நாங்க குடுத்தது" என்றாள். சொல்லிவிட்டுத் தெயூரா பக்கம் திரும்பாமலே உட்கார்ந்தாள். ஆனால் அதை யார் கவனித்தார்கள்?

காயலில் தெயூராவுக்கு இருந்த இடம் பறிக்கப்பட்டது. அறிவித்ததும் அபெராதான். கோயிலில் பாடும்போது அவளுக்கு இரண்டு பக்கமும் இருந்த பெண்கள் தள்ளி நின்றார்கள். பள்ளிக்கூடத்தில் அவள் பிள்ளைகளோடு யாரும் விளையாடவில்லை. முன்னொரு காலத்தில் பெரு நாட்டிலிருந்து அடிமைக்கு ஆள்பிடிக்கும் கப்பல் வந்தபோது, சொந்த ஊர்க்காரர்களை நைச்சியமாகப் பேசி அதில் ஏற்றிவிட்ட ஒருவனைப் பற்றித் தீவில் சொல்வார்கள். அவன் பெயரை யாரும் பிள்ளைக்கு வைப்பதில்லை. கிணற்றடியில் ஒருத்தி அந்தப் பெயரைச் சொல்லித் தெயூராவைக் கூப்பிட்டாள்.

"நியூசிலாந்துக்குப் போயிடலாம் வா" என்றான் மெத்துவா.

"போனா நான்தான் செஞ்சேன்னு ஆயிடும்."

சில மாதங்களில் வடக்கும் செத்தது. ஊர் கலைந்தது. ரரோதோங்காவுக்கும் ஆக்லாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் குடும்பம் குடும்பமாகப் போனார்கள். முதலில் போனவர்களில் அபெராவும் ஒருவன். விடைபெற அவன் வரவில்லை. தெயூரா கொப்பரை வெட்டினாள். தென்னங்குருத்தில் தொப்பி பின்னிக் கப்பலில் அனுப்பினாள். அபெரா சின்ன வயதில் உடுத்திய துணி ஒன்று பெட்டியில் கிடந்தது. அதை எடுத்துப் படகு துடைத்தாள்.

காற்று மறுபடி வீசி, அலை பவளத்தைத் தாண்டி உள்ளே வர, காயல் மெல்லத் தெளிந்தது. மிஞ்சியிருந்தவர்கள் திரும்பச் சிப்பி வளர்த்தார்கள். மணி வைக்கத்தான் ஆள் இல்லை. தாங்கி அவள் வீட்டு வாசலில் வந்து நின்றான்.

"பழசெல்லாம் விட்டுடு தெயூரா. உன் இடத்தை நீயே எடுத்துக்கோ."

"உனக்கு அது பழசு" என்றாள். ஆனாலும் போனாள். வேறு பிழைப்பு இல்லை. அந்த வேலை அவளுக்குப் பிடிக்கவும் செய்தது. தவறாகப் பழி போட்டுவிட்டோம் என்று யாரும் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

பல வருஷம் கழித்துப் புதிய ஊர்க் கூடம் திறந்தபோது அபெரா ஆக்லாந்திலிருந்து விமானத்தில் வந்தான். உடம்பு பெருத்திருந்தது. மாட்டிறைச்சி டின்களும் போர்வைகளும் கொண்டுவந்து எல்லாருக்கும் கொடுத்தான். விருந்துக்கு முதல் நாள் அவள் வீட்டுக்கு வந்து தரையில் உட்கார்ந்து அழுதான். தெயூரா இளநீர் வெட்டிக் கொடுத்தாள்.

"மன்னிச்சுடுக்கா. அன்னைக்குப் பயந்துட்டேன்."

"என்கிட்ட எதுக்குடா சொல்ற? எனக்குத்தான் தெரியுமே. நாளைக்கு விருந்துல ஊரே இருக்கும். அங்க சொல்லு."

"பேரப்பிள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு வந்திருக்கேன். அவங்க முன்னாடி எப்படிக்கா?"

"அப்போ எம்பிள்ளைங்க பட்டது?"

விருந்தில் அவனைப் பேசக் கூப்பிட்டார்கள். காயலைப் பற்றி, முன்னோர்களைப் பற்றி, ஊர் ஒற்றுமையைப் பற்றி வெகு நேரம் பேசினான். பரிமாறிக்கொண்டிருந்த தெயூரா கையில் மீன் தட்டோடு நின்று முழுவதையும் கேட்டாள். அவன் பேசி முடித்து உட்கார்ந்தான். எல்லாரும் கை தட்டினார்கள். தட்டை மேசையில் வைத்துவிட்டு அவள் வெளியே போனாள்.

அடுத்த விமானத்தில் அவன் கிளம்பியபோது, மாலை போட்டு வழியனுப்ப ஊரே ஓடுதளத்துக்குப் போயிருந்தது. தெயூரா காயல் கொட்டகையில் தனியாகச் சிப்பிகளுக்கு மணி வைத்துக்கொண்டிருந்தாள். விமானம் மேலே போகும் சத்தம் கேட்டும் நிமிரவில்லை. அன்று வைத்த மணிகளில் பாதிக்கு மேல் சிப்பிகள் துப்பிவிட்டன.