மீட்டரம்மாவின் குளியலறை

எங்கள் வீட்டு மின்சார மீட்டர் பெட்டிக்குள் ஒரு முறை சிட்டுக்குருவி கூடு கட்டிவிட்டது. பெட்டிக்குக் கதவு கிடையாது, துருப்பிடித்து எப்போதோ விழுந்துவிட்டது. கூட்டை எடுக்காமல் மீட்டரைப் படிக்க முடியாது. கணக்கெடுக்க வருகிறவர்கள் ஒரு குச்சியால் தட்டிவிட்டுத்தானே படிப்பார்கள் என்று எனக்கு மனசு கேட்கவே இல்லை. அன்று தையல் மெஷினில் உட்கார்ந்தபடி ஜன்னல் வழியாகப் பார்க்கிறேன், காக்கிச் சட்டை போட்ட ஒரு பெண் வந்தாள். பெட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். கொஞ்சம் பின்னால் வந்து யோசித்தாள். பிறகு கைப்பையிலிருந்து முகம் பார்க்கும் கண்ணாடியை எடுத்து, கூட்டுக்கும் பெட்டிக்கும் நடுவில் மெல்ல நுழைத்து, அதில் இடவலம் மாறித் தெரிந்த எண்களை உதட்டால் முணுமுணுத்துப் படித்து எழுதிக்கொண்டு போனாள். யாரையும் கூப்பிடவும் இல்லை, ஒரு வார்த்தை சொல்லவும் இல்லை. அடுத்த முறை வந்தபோதும் அதேதான். குஞ்சுகள் பறந்த பிறகுதான் நேராக நின்று படித்தாள். நான் பார்த்தேன் என்பது அவளுக்கு இன்றுவரை தெரியாது.

அவளை எல்லோரும் மீட்டரம்மா என்றுதான் சொல்வார்கள். தெருத் தெருவாக நடந்து மீட்டர் படிப்பது அவள் வேலை. பிறந்ததிலிருந்து வாடகை வீட்டில் இருந்தவள். எங்கள் எதிரில் பூட்டிக் கிடந்த பழைய வீட்டை பேங்க்கில் கடன் போட்டு அவள்தான் வாங்கினாள். முதல் நாள் சாவியோடு வந்தவள் உள்ளே போகாமல் வாசலிலேயே நின்றாள்.

"என்னம்மா, உள்ளே போகலையா?" என்று கேட்டேன்.

"பழக்க தோஷம்க்கா. எந்த வீட்டுக்குப் போனாலும் வாசல்லயே நின்னு எழுதிட்டுத் திரும்பிடுவேன். இது என்னோடதுன்னு காலுக்கு இன்னும் தெரியல."

அவள் புருஷன் ரொட்டிக் கம்பெனியில் அடுப்படி வேலை. ராத்திரி முழுக்க வேலை, காலையில் வீடு, சாப்பாடு, காதில் பஞ்சு வைத்துக்கொண்டு தூக்கம். அவர் படியேறும்போது இவள் படியிறங்குவாள். கல்யாணமான நாளிலிருந்து இதுதான். "எங்க வீட்டுல சண்டையே வராதுக்கா, நேரமில்லை" என்று சிரிப்பாள். ரொட்டிக்காரரும் நல்ல மனுஷர். அதிர்ந்து பேசமாட்டார். பேசவே மாட்டார் என்றும் சொல்லலாம்.

வீட்டில் குளியலறையும் சமையலறையும் இடிந்து விழுகிற நிலையில் இருந்தன. பேங்க் கடனுக்கு மேல் இன்னொரு கடன் வாங்கி இரண்டையும் புதுப்பிப்பது என்று முடிவானது. வேலையை எடுத்துக்கொண்டது ரொட்டிக்காரரின் பெரியப்பா மகன். வயதில் இளையவன், கட்டட காண்ட்ராக்டர். எதைக் கேட்டாலும் "ஆயிடும்" என்பான். அதனால் அவனுக்கு ஆயிடும் என்றே பேர். தண்ணித் தொட்டி ஒழுகுது தம்பி? ஆயிடும். சிமெண்ட் வரலையே? ஆயிடும். கெட்டவன் என்று சொல்லமாட்டேன். யாருக்கும் இல்லை என்று சொல்ல நாக்கு வராத பிள்ளை, அவ்வளவுதான். ஊரில் பாதித் தொல்லை அப்படிப்பட்டவர்களால்தான் வருகிறது.

காலையில் கொத்தனார்கள் வரும்போது மீட்டரம்மா வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருப்பாள். "தம்பி, பாத்ரூம்ல தண்ணி போற ஓட்டை பின்சுவர் ஓரமா இருக்கட்டும். சமையல்கட்டுக்குக் கதவு கூடத்துப் பக்கம் வை. உங்க அண்ணன்கிட்ட சொல்லாதே, வேற ஏதாவது சொல்லுவார், நான் பாத்துக்கறேன்" என்பாள். மதியம் தூங்கி எழுந்த ரொட்டிக்காரர் வருவார். "டேய், பாத்ரூம் தரை வாட்டம் முன்பக்கமா சரியட்டும், தெருச் சாக்கடை அங்கதான் கிட்ட. சமையல்கட்டுக் கதவு ரூம் பக்கம் வை. அண்ணிகிட்ட சொல்லாத, நான் சொல்லிக்கறேன்" என்பார். அவர் சொல்லவும் இல்லை. இவள் பார்த்துக்கொள்ளவும் இல்லை. எப்போது சொல்வது? ஒருத்தர் கண் திறந்திருக்கும்போது இன்னொருத்தர் கண் மூடியிருக்கும்.

ஆயிடும் இரண்டு பேருக்கும் ஆயிடும் என்றான். ஆக்கியும் விட்டான். சமையலறைக்கு எதிரும் புதிருமாக இரண்டு கதவு. நடுவில் அடுப்பு. காற்றடித்தால் அடுப்பு அணைந்துவிடும். குளியலறையிலோ அவள் சொன்ன இடத்தில் ஓட்டை, அவர் சொன்ன பக்கம் வாட்டம். தண்ணீர் ஓட்டையைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் வாசற்படி தாண்டிப் படுக்கையறைக்குள் வந்து கட்டிலுக்கு அடியில் தேங்கும்.

முதல் நாள் குளித்துவிட்டு வந்தவள் ஈரத் தலையோடு என் வீட்டுக்கு ஓடி வந்து சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தாள். எனக்குப் பயமாகிவிட்டது.

"கட்டில் மிதக்குதுக்கா. இன்னும் ரெண்டு வாளி ஊத்தினா துடுப்புப் போட்டு வேலைக்குப் போயிடலாம்."

பிறகுதான் அழுதாள். கொஞ்ச நேரம். நான் அவள் தலையைத் துவட்டிவிட்டு, "கடவுள்மேல பாரத்தைப் போடும்மா" என்றேன்.

"போட்டாச்சுக்கா. ஆனா டைல்ஸைப் பேத்தெடுக்க அவர் வரமாட்டார்ல?" என்றாள். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. கடவுள் கோபித்துக்கொண்டிருக்க மாட்டார் என்று நம்புகிறேன்.

அதற்குப் பிறகு அவர்கள் வாழ்ந்த வாழ்க்கையைப் பார்க்க வேண்டும். கட்டிலின் நாலு காலுக்கும் செங்கல். படுக்கையறை வாசலில் மண்ணால் ஒரு சின்ன அணை. குளிக்க ஒரு சொம்பு, அரைச் சொம்பாகத்தான் தண்ணீர். சம்பளம் வந்த அன்றே பேங்க் தன் பங்கை எடுத்துக்கொள்ளும். மிச்சத்தில் வீடு ஓடும். கம்பெனியில் உடைந்து விற்காத ரொட்டியை ரொட்டிக்காரர் கொண்டுவருவார், அதுதான் பல நாள் சாப்பாடு. ஒரு தவணைகூடத் தவறவில்லை. "வீடு கோணலா இருந்தாலும் தவணை நேரா போகணும்க்கா. இல்லைன்னா பேங்க்லேருந்து எவனாவது வந்து என் வாசல்ல நின்னு எழுதிட்டுப் போவான்" என்பாள்.

ஆயிடும் கடைசிப் பங்குப் பணத்தைக் கேட்டான். "தண்ணி ஓட்டைக்குள்ள போகட்டும், பணம் உன் பைக்குள்ள வரும்" என்று சொல்லிவிட்டாள். இரண்டு மூன்று தடவை கேட்டுப் பார்த்தான். பிறகு அப்பாவைக் கூட்டிக்கொண்டு வந்தான்.

பெரியப்பா வந்த ஞாயிற்றுக்கிழமை நானும் அங்கே இருந்தேன். தைத்த சட்டையைக் கொடுக்கப் போனவளை, "இருங்கக்கா, ஒரு சாட்சி வேணும்" என்று உட்கார வைத்துவிட்டாள். பெரியப்பா என்றால் அந்தக் குடும்பத்தில் எல்லோருக்கும் நடுக்கம். ரொட்டிக்காரரின் அப்பா சின்ன வயதிலேயே போய்விட்டதால் அவரை வளர்த்து ஆளாக்கியவர். அவர் முன்னால் ரொட்டிக்காரர் நாற்காலியில் உட்காரக்கூட மாட்டார்.

"கூடத்துல எதுக்கு மாமா, காத்தோட்டமா உள்ள வந்து உட்காருங்க" என்று அவரைப் படுக்கையறைக்குக் கூட்டிப்போய், குளியலறை வாசலுக்கு நேராக நாற்காலி போட்டாள். ஆயிடும் முகம் வெளுத்தது.

"இங்க பாரும்மா, சொந்தத்துக்குள்ள கணக்குப் பார்க்கக் கூடாது. பையன் உழைச்சிருக்கான். குறை இல்லாத வீடு எங்க இருக்கு? குடுக்கவேண்டியதைக் குடுத்து விடு."

"குடுக்கறேன் மாமா. முகம் கழுவிட்டு வந்துடறேன், வெயில்ல அலைஞ்சது."

உள்ளே போனாள். ஒரு வாளித் தண்ணீரையும் மொத்தமாகக் கவிழ்க்கிற சத்தம் கேட்டது. தண்ணீர் ஒரு வினாடி யோசித்த மாதிரி இருந்தது. பிறகு மரியாதையாகப் புறப்பட்டு, படியைத் தாண்டி, நேராகப் பெரியப்பா காலுக்கு வந்து சேர்ந்தது. மனுஷர் இரண்டு காலையும் தூக்கிக்கொண்டார். வேட்டி நனைந்துவிட்டது.

"என்னம்மா இது!"

"உங்க பையனோட உழைப்பு மாமா. தினம் ரெண்டு வேளை எங்க காலைக் கழுவுது. இன்னிக்கு உங்க காலையும் கழுவட்டும்னு விட்டேன்."

ஆயிடும் வாய் திறந்தான். "நான் என்ன பண்றது அண்ணி? நீங்க ஓட்டை அந்தப் பக்கம்னீங்க. அண்ணன் வாட்டம் இந்தப் பக்கம்னார். ரெண்டு பேரும் இன்னொருத்தர்கிட்ட சொல்லாதேன்னீங்க!"

மீட்டரம்மா புருஷனைப் பார்த்தாள். அவர் தரையில் தேங்கிய தண்ணீரைப் பார்த்தார்.

"நீங்க முன்பக்கம்னா சொன்னீங்க?"

"நீ பின்பக்கம்னா சொன்னே?"

அவள் கையிலிருந்த காலி வாளியைக் கீழே வைத்தாள். பிறகு கொழுந்தன் பக்கம் திரும்பினாள். "சரி, ரெண்டு பக்கமா சொன்னது எங்க தப்பு. அதுல பாதி நான் ஏத்துக்கறேன். ஆனா தம்பி, வாட்டம் ஒரு பக்கம், ஓட்டை ஒரு பக்கம்னா தண்ணி எங்க போகும்னு உனக்குத் தெரியாதா? தெரிஞ்சும் ஒட்டினே பாரு, அதுக்கு நான் பணம் தரமாட்டேன். அந்தப் பணத்துல இதைப் பேத்துட்டு மறுபடி போடப் போறேன்."

பெரியப்பா வேட்டியைப் பிழிந்தபடி எழுந்தார். "இவ்வளவு ரோஷம் எதுக்கு? பேசாம வித்துடுங்க. இந்த நிலையில இதை வாங்க என்கிட்ட ஆள் இருக்கு. கடனை அடைச்சிட்டுப் பழையபடி வாடகைக்குப் போங்க. நிம்மதியா இருக்கலாம்." பிறகு வளர்த்த பிள்ளையைப் பார்த்தார். "என்னடா, நான் சொல்றது சரிதானே?"

ரொட்டிக்காரர் இதுவரை பெரியப்பா சொன்ன எதற்கும் சரி என்பதைத் தவிர வேறு சொல்லி நான் கேட்டதில்லை. முந்தின வாரம்தான் மீட்டரம்மா என்னிடம் சொல்லியிருந்தாள், அவரும் விற்றுவிடலாமா என்று யோசிக்கிறார் என்று. அவர் ஒரு வார்த்தை சரி என்றால் வீடு போச்சு. பத்திரம் இரண்டு பேர் பேரிலும் இருந்தாலும் அவரை எதிர்த்து அவள் எத்தனை நாள் நிற்பாள்? அவளும் அவரைக் கெஞ்சவில்லை. முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டாள்.

ரொட்டிக்காரர் குனிந்து செங்கல்மேல் இருந்த கட்டிலைப் பிடித்துப் பார்த்தார், ஆடுகிறதா என்று பார்க்கிற மாதிரி. பிறகு, "விக்கறதா இல்லை பெரியப்பா" என்றார். மெதுவாகத்தான் சொன்னார். "கால் துடைச்சுக்கங்க. துண்டு தரேன்."

பெரியப்பா துண்டு வாங்காமல் போய்விட்டார். அதற்குப் பிறகு அந்தக் குடும்பத்தில் எந்த நல்லது கெட்டதுக்கும் இவர்களைக் கூப்பிடுவதில்லை. முதலில் ரொட்டிக்காரர் ரொம்பவே வாடிப்போனார். "செலவு மிச்சம்க்கா" என்று இவள் வெளியே சொன்னாலும், அவரைத் தனியே விடாமல் பார்த்துக்கொண்டாள்.

ஞாயிறுதோறும் அந்த வீட்டிலிருந்து சுத்தியல் சத்தம் கேட்கும். உளியும் சுத்தியலும் இரவல். ஒட்டிய டைல்ஸை இரண்டு பேருமே பேர்த்தார்கள். பேர்த்ததில் பாதி உடைந்தது. முதல் தடவை போட்ட தரையில் நடந்தால் அப்பளம் நொறுங்குகிற சத்தம் வந்தது, அடியில் கலவை சரியாகப் பரவவில்லை. திரும்பவும் பேர்த்தார்கள். நான் போனால் இரண்டு பேரும் முழங்காலில் நின்று மட்டம் பார்க்கிற ஒரே ரசமட்டத்தைக் குனிந்து பார்த்துக்கொண்டிருப்பார்கள், சண்டையும் போட்டுக்கொண்டு.

"குமிழி நடுவுல இருக்கு!"

"நடுவுல இருந்தா தண்ணி எப்படிங்க ஓடும்? சாயணும்!"

"எந்தப் பக்கம்?"

"அதை இப்பவாவது சேர்ந்து முடிவு பண்ணுவோம்!"

அந்த வீட்டில் அதற்கு முன் இப்படிச் சண்டைச் சத்தம் கேட்டதே இல்லை. என் காதுக்கு அது நன்றாகத்தான் இருந்தது.

கடைசியில் தண்ணீர் ஓட்டைக்குள் போனது. ஒரு மூலையில் மட்டும் இன்றும் கொஞ்சம் தேங்கும். டைல்ஸ் மூன்று நிறத்தில் இருக்கும், கிடைத்ததைக் கொண்டு ஒட்டியது. பேங்க்கிலிருந்து பார்வையிட வந்த ஆபீசர் அந்தத் தரையைப் பார்த்துவிட்டு, "யாரும்மா வேலை செஞ்சது?" என்று முகம் சுளித்தார். "நாங்கதான் சார். ஒரு சொம்பு ஊத்திப் பாருங்க" என்றாள். அவர் ஊற்றவில்லை. அவளே ஊற்றிக் காட்டிய பிறகுதான் அவரை விட்டாள்.

போன வருஷம் என் மகள் என்னைத் தன்னோடு வந்து இருக்கச் சொல்லி வற்புறுத்தினாள். தூரத்து ஊர். சாமான்களை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தபோது மீட்டரம்மா வேலையிலிருந்து நேராக வந்தாள், நெற்றியெல்லாம் வியர்வை. அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "கடன் முடிய இன்னும் எத்தனையோ வருஷம் இருக்கே, உடம்பைப் பார்த்துக்கோ. இனிமேலாவது கட்டட வேலை எதையும் இழுத்துப் போட்டுக்காதே" என்றேன்.

"அது எப்படிக்கா?" என்றாள். "அடுத்து மாடியில ஒரு ரூம் எடுக்கப் போறோம். நீங்க வந்தா தங்கறதுக்கு. கோணலா இருந்தா கோணலாத்தான் படுக்கணும், இப்பவே சொல்லிட்டேன்."