பல்லேடியத்தின் மேல்பூச்சும் என் மானமும்

எண்ணெயில் ஹைட்ரஜன் ஏற்றுவது பொறுமைசாலிகள் தொழில். எனக்குப் பொறுமை கிடையாது. இதே வேலையில் மாட்டிக்கொண்டு முழித்தவர்களுக்கு என் பாடு புரியும். மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போங்கள்.

தொண்ணூறுகளில் மைசூரில் ஒரு சின்னக் கம்பெனி. பல்லேடியம் என்ற உலோகத்தைக் கண்ணுக்குத் தெரியாத நுண்துகளாக்கி, வினையூக்கியாக விற்போம். மண்டி மொஹல்லாவில் ஊதுபத்திக்காரர்களுக்கு வாசனை எண்ணெய் விற்கும் முருகேசன் வந்தார். அவர் கொண்டுவந்த எண்ணெயில் ஹைட்ரஜன் பாதி ஏறினால் அறுத்த புல்லின் வாசனை. முழுக்க ஏறினால் ஒன்றுக்கும் உதவாது. பாதியில் நிறுத்தித் தந்தால் மாதா மாதம் ஆர்டர். அது கிடைக்காவிட்டால் கம்பெனியை மூடவேண்டியதுதான் என்று முதலாளி சொல்லியிருந்தார்.

கழுவின கதை

துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டாமலிருக்க அவற்றின் மேல் ஒரு கரிமப் பூச்சு இருக்கும். எனக்கு அது பிசுக்காகப் பட்டது. அசிட்டோன் விட்டுக் கழுவினேன். மறுபடி கழுவினேன். போதும் என்றார் உதவியாளர் சரோஜா, காதில் வாங்கவில்லை. மறுநாள் துகளெல்லாம் திரண்டு குடுவையின் அடியில் கிடந்தது. முருகேசன் வரும் நாள் வேறு. சரோஜா குடுவையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "பாத்திரம் தேய்க்கிற மாதிரி தேச்சிட்டீங்க சார். இனி இதை அடுப்பிலதான் போடணும்."

அசையாத முள்

அடுத்த தடவை உஷாரானேன். கந்தகம் உள்ள பூச்சு போட்டேன். பல்லேடியத்தை விடாப்பிடியாகப் பிடித்துக்கொள்ளும். கறுப்புக் கரைசல் வாரக்கணக்கில் அப்படியே நின்றது, அடியில் ஒரு பொட்டுகூடப் படியவில்லை. முருகேசனைக் கூப்பிட்டுப் பெருமையடித்தேன். அவர் எதிரிலேயே எண்ணெயோடு கலத்தில் ஊற்றி ஹைட்ரஜன் ஏற்றினேன். எண்ணெய் வாயுவை உறிஞ்ச உறிஞ்ச அழுத்தமானியின் முள் இறங்க வேண்டும். இறங்கவில்லை. பூச்சு இண்டு இடுக்கில்லாமல் மூடிவிட்டது; ஹைட்ரஜன் உலோகத்தைத் தொடவே வழியில்லை.

முருகேசன் காபி குடித்தார், பேப்பர் படித்தார், மறுபடி காபி குடித்தார். நான் வெட்கங்கெட்டு முள்ளைத் தட்டித் தட்டிப் பார்த்தேன். கிளம்பும்போது சொன்னார்: "பாக்க நல்லாத்தானுங்க இருக்குது. தசராவுக்குப் பொம்மை வைக்கறப்ப இதையும் ஓரமா வெச்சிருங்க."

கொட்டினது

கந்தகப் பூச்சு வேண்டாம், நைட்ரஜன் உள்ள அமீன் பூச்சு போடலாம் என்றார் சரோஜா. அது லேசாகப் பிடிக்கும். துகளும் திரளாது, ஹைட்ரஜனுக்கும் இடமிருக்கும், பாதி ஏறினதும் மேற்கொண்டு ஏறவும் விடாது. அவரே பூச்சு போட்டு, கலத்தில் ஹைட்ரஜனும் ஏற்றிவைத்துவிட்டுச் சாப்பிடப் போனார்.

முருகேசன் வந்தார். இதுதான் கடைசி, இல்லையென்றால் பம்பாய்க்காரனிடம் போகிறேன் என்றார். முள்ளைப் பார்த்தேன். நிற்கிறது. பழைய கூத்துதான் என்று முடிவு கட்டிவிட்டேன். எங்கிருந்து இறங்கி வந்து நிற்கிறது என்று யோசிக்கவில்லை. சரோஜா வரட்டுமே என்றார் முருகேசன். அந்த ஆள் முன்னால் இன்னொரு தரம் முள்ளைத் தட்டிக்கொண்டு உட்கார என்னால் முடியாது. அழுத்தத்தை விட்டேன், திறந்தேன், மொத்தத்தையும் கழுவும் தொட்டியில் கவிழ்த்தேன்.

அறை முழுக்க அறுத்த புல் வாசனை.

சரோஜா வாசலில் வந்து நின்று தொட்டியைப் பார்த்தார். முருகேசன் தொட்டி ஓரத்தை விரலால் வழித்து, கண்ணை மூடி முகர்ந்தார். "ஆர்டர் உங்களுக்குத்தானுங்க. ஆனா டப்பாவத் திறக்கறது சரோஜாம்மாவா இருக்கோணும்."

நான் ஓய்வு பெறும்வரை, கலத்தைத் திறக்கிற நேரமெல்லாம் எனக்கு வராந்தாதான்.