அத்தை தர மறுத்த சம்மதம்

தாமரைச்செல்வி என்ற பெயரைக் கேட்டாலே செல்லமுத்துவுக்கு வயிறு எரியும். அவன் கொல்லிமலையில் குண்டனி நாட்டுக்காரன். மிளகுக் கொடிகளுக்கு நடுவில் வளர்ந்து, அவன் ஊரிலிருந்து ஆராய்ச்சிப் படிப்புக்குப் போன முதல் ஆள். அவளோ அடிவாரத்து விவசாயி வீட்டுப் பெண். கொல்லிமலைப் பெண்கள் சாமை, தினை விதையை எப்படிக் காப்பாற்றி வைக்கிறார்கள் என்று அவன் எழுதிக்கொண்டிருக்க, அதே மலையின் சமையலை எழுதுகிறேன் என்று அவள் வந்து நின்றாள். இருவருக்கும் ஒரே பேராசிரியர் வேறு. மலை என்ன இவள் அப்பன் வீட்டுச் சொத்தா?

பல்கலைக்கழகத்தில் ஆய்வு நெறிமுறைப் பயிற்சி நடந்த அன்று எரிச்சல் இன்னும் ஏறியது. "ஒரு ஊருக்குப் போறீங்க. யார்கிட்ட சம்மதம் வாங்குவீங்க?" என்று கேட்டார் பயிற்சி நடத்திய அம்மாள்.

செல்லமுத்து முந்திக்கொண்டான். "எங்க நாட்டுல ஊர்க்கவுண்டர் சரின்னா ஊரே சரின்ன மாதிரிங்க மேடம்."

அவன் அப்படித்தான் செய்திருந்தான். ஊர்க்கவுண்டர் அப்பாசாமிக்கு வெற்றிலை பாக்கு வைத்துக் கேட்டான். அவர் பெண்களையெல்லாம் வரச் சொல்லி, பக்கத்திலேயே உட்கார்ந்து பேச வைத்தார். ஒரே நாளில் வேலை முடிந்தது.

"அது ஊருக்குள்ள நுழையற அனுமதி. பேசறவங்க ஒவ்வொருத்தரையும் தனியாக் கேக்கணும்" என்றார் அம்மாள். தாமரைச்செல்வி தலையை ஆட்டினாள். ஆட்டுவாள், ஏன் ஆட்டமாட்டாள்! கீழே இருப்பவளுக்கு மலை வழக்கம் என்ன தெரியும் என்று பல்லைக் கடித்தான்.

அடுத்த மாதம் ஒரு சேதி வந்தது. அவனுடைய சொந்த அத்தை அத்தாயி, தாமரைச்செல்வியை அடுப்படியில் உட்கார வைத்துச் சாயங்காலம் வரை பேசினாளாம். அவனிடம் பேசியது நாலே வார்த்தை. தாமரைச்செல்வி ஏதோ ஆசை காட்டித்தான் பேச வைத்திருப்பாள். அதை அத்தை வாயாலேயே கேட்டு வாங்கி, நெறிமுறைக் குழுவில் புகார் கொடுத்துவிட வேண்டியதுதான். விதை பற்றிய தன் அத்தியாயத்தைப் பேராசிரியரிடம் கொடுத்த கையோடு பஸ் ஏறினான்.

அத்தை மரவள்ளிக் கிழங்குக்குத் தோல் சீவிக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்க அத்தை, அந்தப் புள்ள என்ன குடுத்து உங்களைப் பேச வச்சுது?"

"ஒண்ணும் குடுக்கல சாமி. பேச இஷ்டமான்னு கேட்டுச்சு. இல்லேன்னேன். சரிங்கன்னுட்டுப் போயிருச்சு. அப்புறம் நானேதான் ஊட்டுக்கு வரச் சொன்னேன்."

புகார் அங்கேயே செத்தது. பொறாமை சாகவில்லை. "என்கிட்ட மட்டும் நாலு வார்த்தையோட நிறுத்திட்டீங்களே!"

"உன்கிட்ட நானாவா பேசினேன்? கவுண்டர் பேசச் சொன்னாரு, பேசினோம். ஆம்பளைங்களுக்குத் தெரியாம நாங்க ஒளிச்சு வைக்கிற விதைய, அவரை வச்சுக்கிட்டே சொல்ல முடியுமா கண்ணு? அன்னிக்கு நாங்க சொன்னதுல பாதி பொய்."

அந்தப் பொய்யைத்தான் அவன் அத்தியாயமாக எழுதிக் கொடுத்திருக்கிறான். வாயை மூடிக்கொண்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. அத்தை யாரிடமும் போய்ச் சொல்ல மாட்டாள். தாமரைச்செல்வியிடம் மட்டும் உண்மையைச் சொல்லியிருப்பாளோ என்ற நினைப்புத்தான் சுட்டது.

"இப்பச் சொல்றீங்களா அத்தை? உங்களுக்கு இஷ்டமிருந்தா?" என்றான். இப்படி அவளை அவன் கேட்டதே இல்லை.

அத்தை கத்தியைக் கீழே வைத்து யோசித்தாள். "வேண்டாம் கண்ணு. நீ கவுண்டரோட உக்காந்து பேசற புள்ள."

நான் உங்கள் அண்ணன் மகனல்லவா என்று மல்லுக்கட்ட வாய் துடித்தது. அடக்கிக்கொண்டு வெளியே வந்து, பேராசிரியருக்குப் போன் போட்டான்.

"சார், அந்த அத்தியாயத்தை எடுத்துருங்க. நான் கேட்ட விதமே தப்புங்க. அவங்க சொன்னது உண்மையில்லீங்க. மறுபடியும் முதல்ல இருந்து கேக்கணும்."

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை. "நல்ல வேளை சொன்னே. உங்க ஊர்ப் பொம்பளைங்ககிட்ட எப்படிப் பேசறதுன்னு தாமரைச்செல்வியை ஒரு வார்த்தை கேட்டுக்கோப்பா" என்றார்.

"கேக்கறேனுங்க சார்" என்றான் செல்லமுத்து. அதைச் சொல்வதற்குள் அவனுக்கு உயிர் போய் உயிர் வந்தது.