கதவோரத்து வரிசை

அவரை நாங்கள் கிராம் அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். பயிர் ஆராய்ச்சிக் கூடத்தில் பதினாறு வருடமாக மக்காச்சோளத் தொட்டிகளை எடைபோடுகிறவர். ஐந்து வரிசைச் செடிகளைத் தாகத்தில் வாடவிட வேண்டும். தொட்டியின் எடை சொன்ன அளவுக்குக் கீழே போனால் மட்டும் ஒரு மடக்குத் தண்ணீர். கதவோரத்து ஆறாவது வரிசைக்கு வயிறு முட்டத் தண்ணீர் உண்டு. தாகத்தில் எந்தெந்த மரபணு வேலை செய்யத் தொடங்குகிறது என்று ஆராய்ச்சியை நடத்தும் மேடம் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பார். இலையை உறையவைத்து அரைத்து, டியூபில் போட்டுக் கொடுப்பது என் வேலை.

மனைவி போன பிறகு அண்ணன் தனிக்கட்டை. மகள் கடல் கடந்து போனவள். வாரத்துக்கு ஒருமுறை நாலு வார்த்தை பேசுவாள். வீட்டில் ஒற்றை அறை, ஒற்றைத் தட்டு. அதனால் பேச்செல்லாம் செடிகளிடம்தான். ஆனால் வாடிய வரிசைகளின் முகத்தில் விழிக்க அவருக்குக் கூச்சம். தொட்டியின் விளிம்பைப் பிடித்துத் தூக்குவார், எடை எழுதுவார், நகர்ந்துவிடுவார். சாயங்காலம் கதவோரத்து வரிசைக்கு வந்து, இலை இலையாகத் தடவிக்கொண்டே மகளைப் பற்றிச் சொல்வார்.

"என்ன அண்ணே, பேத்திங்க என்ன சொல்றாங்க?" என்று நானும் கிண்டல் செய்திருக்கிறேன்.

முடிவு வந்த அன்று மேடம் என் மேல் பாய்ந்தார். தாகமே தெரியாத அந்த வரிசையிலும் தொல்லை வந்தால் மட்டுமே கிளம்பும் சில மரபணுக்கள் கிளம்பியிருந்தன.

"டியூபை மாத்திட்டீங்களா? நாலு மாச வேலை போச்சு!"

என் வேலைக்கே உலை. எனக்கும் கோபம் தலைக்கேறியது. "நான் எதையும் மாத்தல மேடம். செடியும்தான் குட்டையா நிக்குது. அதையும் நானா வெட்டுனேன்?"

மேடம் சற்று யோசித்தார். "அந்த வரிசையை யாராவது தினமும் தொட்டாங்களா?"

தராசடியில் நின்ற அண்ணன் வாயைத் திறக்காமல் இருந்திருக்கலாம். பழி என்னோடு போயிருக்கும்.

"நான்தாம்மா. சும்மா தடவிக் குடுப்பேன்."

மேடத்தின் குரல் இறங்கிவிட்டது. "ஐயா, தொட்டா செடிக்கு அது தொந்தரவு. காத்து மோதுது, பூச்சி ஏறுதுன்னு எடுத்துக்கிட்டு, வளர்றதைக் குறைச்சு உடம்பை இறுக்கிக்கும்."

"நான் தடவுனப்ப எல்லாமா?"

"ஆமாங்கய்யா."

அவர் தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே நின்றார். கிண்டல் செய்த என் வாயில் நாலு போடலாம் போலிருந்தது.

இரண்டு பேர் வேலையும் போகவில்லை. மறுபடி விதைத்தோம். 'தொடாதீர்கள்' என்று அட்டையில் எழுதிக் கதவோரத்தில் கட்டியவர் அவரேதான். இப்போது கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடக்கிறார். பேச்சும் நின்றுவிட்டது.

நேற்று அந்த வரிசையை அளந்தோம். போன தடவையைவிட ஒரு சாண் உயரம். நான் அளவைச் சொல்லச் சொல்ல அவர் எழுதினார்.

"நல்லா வந்திருக்குல்ல?" என்றார். "நான் கிட்டவே போகல."