அந்தமான் என்று எழுதாத வெப்சைட்

செவ்வாய்க்கிழமை நவநாளில் என்னோடு முழங்காலிடும் உங்கள் எல்லோருக்கும் இதைச் சொல்ல வேண்டும். புனித அந்தோனியார் எனக்கு உதவினார். ஆனால் ஆற அமரத்தான் உதவினார். அந்தக் கசப்பையும் மறைக்க மாட்டேன்.

லாங் ஐலண்டில் எங்கள் வீட்டை ஒட்டி, சுற்றுலா வருகிறவர்களுக்காக இரண்டு அறை கட்டினோம். மீன்பிடித் தொழிலை விட்டுவிட்டு என் கணவர் இதில் இறங்கினார். போன நவம்பரில் போர்ட் பிளேரில் ஒருவரைப் பிடித்து வெப்சைட் போட்டோம். ஒரே வாரத்தில் தேடலில் முதல் பக்கத்துக்கு வந்துவிடும் என்றார். அப்புறம் அவர் போனையே எடுக்கவில்லை.

தினமும் "லாங் ஐலண்ட் ஹோம்ஸ்டே" என்று தேடுவேன். அமெரிக்காதான் வரும். அங்கேயும் ஒரு லாங் ஐலண்ட் இருக்கிறதாம். பக்கம் பக்கமாகத் தள்ளினாலும் எங்கள் வீட்டைக் காணோம். ஈஸ்டர் வரை பார்ப்போம், யாரும் வராவிட்டால் மெயின்லேண்டுக்கு வேலைக்குப் போகிறேன் என்றார் கணவர். காணாமல் போனதைக் கண்டுபிடித்துத் தருகிறவர் ஆயிற்றே என்று அந்தோனியாருக்கு ஒன்பது செவ்வாய் நேர்ந்துகொண்டேன். ஒருவரும் வரவில்லை. ஈஸ்டர் முடிந்ததும் என் கணவர் கப்பல் ஏறினார். அன்று அந்தோனியார் சுரூபத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தேன். அவ்வளவு கோபம்.

மே மாதம் ஒரு நாள் பேய் மழை. படகு அணையும் ஜெட்டியில் வேலை செய்பவர் ஒரு பெண்ணைக் கூட்டி வந்தார். "போட் பந்த், இன்னைக்கு ஓடாது. இந்தப் பொண்ணுக்கு இன்னைக்கு ஒரு ரூம் குடுங்க."

"யாரோட ஆளு?" என்றுதான் நான் முதலில் கேட்டேன்.

கோயம்புத்தூர்ப் பெண். அவள் வேலையே வெப்சைட் போடுவதுதான். எங்களுடையதைப் பார்த்தவள் சிரித்துவிட்டாள்.

"அக்கா, ஒரு இடத்துலகூட அந்தமான்னு எழுதலையே."

எதற்கு எழுத வேண்டும்? இங்கேயே பிறந்து வளர்ந்தவள் நான். எங்களுக்கு லாங் ஐலண்ட் ஒன்றுதானே. ஒரு வார்த்தைக்காக அவரைக் கடல் கடக்க வைத்துவிட்டேனே என்று அழுதேன்.

அதைத் திருத்தினாலும் உடனே வராது என்றாள். "தேடல் மெஷின் புது சைட்டை நம்பாதுக்கா. நாலு பேர் உங்களப் பத்தி எழுதணும். மாசக்கணக்காகும். என்னை யாரோட ஆளுன்னு கேட்டீங்கல்ல, அதுவும் அதத்தான் கேக்குது."

எனக்குச் சுருக்கென்றது.

அவள் ஊருக்குப் போய்த் தன் பயணப் பக்கத்தில் எங்கள் வீட்டைப் பற்றி எழுதினாள். அதைப் படித்து வந்து தங்கியவர்களும் எழுதினார்கள். அக்டோபரில் முதல் பக்கத்தில் எங்கள் வீடு வந்தது. சுரூபத்தை நேராக வைத்து மன்னிப்புக் கேட்டேன்.

இன்று இரண்டு அறையிலும் ஆட்கள் இருக்கிறார்கள். அந்தோனியாருக்கு நன்றி. புதிதாக யார் இறங்கினாலும் இப்போது முதலில் டீ கொடுக்கிறேன், பிறகுதான் பெயர் கேட்கிறேன். ஆனால் என் கணவர் இன்னும் வரவில்லை. கிறிஸ்துமஸுக்குக் கப்பலில் இடம் கேட்டிருக்கிறார்.

தாமதமானாலும் நம்பிக் கேளுங்கள். போன செவ்வாய் மெழுகுவர்த்தி ஏற்றி, அவர் பெயர், ஏறும் துறைமுகம், இறங்கும் ஜெட்டி எல்லாம் சொல்லி மன்றாடினேன். கடைசியில், எதற்கு வம்பு என்று, "லாங் ஐலண்ட், அந்தமான்" என்றும் சேர்த்துச் சொன்னேன்.