பெட்டிக்குள் எட்டுப் பாகம்

ஆளைக் கண்ணாடிப் பெட்டிக்குள் படுக்கவைத்துப் பூட்டிவிட்டு, வெளியே ஸ்டூலில் உட்கார்ந்து அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பதுதான் என் தொழில். கேட்டால் சுகமான வேலை மாதிரி இருக்கும். ஆஸ்பத்திரியில் குப்பை கொட்டுகிற என் சக பாவப்பட்ட ஜென்மங்களே, உங்களுக்காவது தெரியும், உட்கார்ந்து பார்க்கிற வேலையைப் போலப் பொல்லாத வேலை கிடையாது. ஓடியாடுகிறவளுக்கு நினைக்க நேரமிருக்காது. எனக்கு அது ஒன்றுதான் நிறைய இருக்கிறது.

தூத்துக்குடியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் பிளாஸ்டிக் சர்ஜரி பிரிவு எங்களுடையது. உடனே மூக்கைக் கூராக்குகிற சமாச்சாரம் என்று நினைத்துவிடாதீர்கள். இங்கே வருவதெல்லாம் தீக்காயம், லாரி ஏறிய கால், சர்க்கரைப் புண். எங்கள் டாக்டர் தொடையிலிருந்து சதையை எடுத்து, ரத்தக்குழாயோடு சேர்த்து, சதை போன இடத்தில் வைத்துத் தைப்பார். அந்தச் சதைக்கு ரத்தம் சரியாக எட்டாவிட்டால் கறுத்துப் போகும். அதற்குத்தான் இந்தப் பெட்டி. உள்ளே ஆக்சிஜனை அழுத்தி நிரப்பினால், அது ரத்தத்தில் கூடுதலாகக் கரைந்து, பிழைப்பதா சாவதா என்று கிடக்கிற சதைக்குப் போய்ச் சேரும். சில பேருக்குச் சேரும். எவ்வளவு தூரம் உதவுகிறது என்று டாக்டர் ஒரு ஆராய்ச்சியும் நடத்திக்கொண்டிருக்கிறார். ஆபரேஷன்தான் சோறு, நாங்கள் ஓரத்தில் வைக்கிற ஊறுகாய். வார்டில் எங்களுக்கு ஊறுகாய் டிபார்ட்மென்ட் என்றே பேர்.

எண்ணெய்த் தலை

பெட்டிக்குள் முழுக்க ஆக்சிஜன் இருப்பதால், ஒரு பொறி போதும், எல்லாம் முடிந்துவிடும். அதனால் போன் கூடாது, வாட்ச் கூடாது, நைலான் துணி கூடாது, பவுடர், சென்ட், தைலம் எதுவும் கூடாது. இதையெல்லாம் நம் ஜனங்கள் முணுமுணுத்துக்கொண்டாவது ஒத்துக்கொள்வார்கள். தேங்காயெண்ணெய் கூடாது என்றால் மட்டும் என்னைக் கொலைகாரியைப் பார்க்கிற மாதிரி பார்ப்பார்கள். எண்ணெய் வைக்காத தலை இழவு வீட்டுத் தலை என்பது இந்த ஊரின் முடிவு.

சாத்தான்குளம் பக்கத்திலிருந்து மளிகைக்கடை அண்ணாச்சி ஒருவர் வந்தார். சர்க்கரைப் புண்ணுக்குத் தோல் வைத்திருந்தது. "எண்ணெயே வைக்கலை சிஸ்டர்" என்று மாதாவைச் சாட்சி வைக்காத குறையாகச் சொன்னார். குனிந்து முகர்ந்தேன். குப்பென்று அடித்தது. ஷாம்பு போட்டு அலசிவிட்டு வரச் சொன்னேன். திரும்பி வந்தார், இன்னும் வாசம் போகவில்லை. அந்த மண்டையில் பிறந்ததிலிருந்து ஊறிய எண்ணெய், லேசில் விடுமா? மறுபடி அனுப்பினேன். கடைசியாக ஈரத் தலையோடு வந்து என் முன்னால் குனிந்து நின்றார். நானும் அட்டெண்டர் செல்வமும் ஆளுக்கொரு பக்கம் முகர்ந்து பார்த்துச் சரி என்றோம். அண்ணாச்சி நிமிர்ந்து சொன்னார்: "பொண்ணு பாக்கப் போன அன்னைக்குக்கூட என் தலைய ஒருத்தரும் மோந்து பாக்கலை சிஸ்டர்."

குலுக்கல்

சிரித்தாயிற்று. இனிமேல் சிரிக்க அவ்வளவாக ஒன்றும் இல்லை, முன்னாலேயே சொல்லிவிடுகிறேன்.

ஒரே வாரத்தில் இரண்டு பேர் வந்து சேர்ந்தார்கள். ஒருவர் மிக்கேல் அண்ணன், சங்கு குளிக்கிறவர். கரையில் வள்ளத்துக்கும் கல்லுக்கும் நடுவே இடது கால் மாட்டி, முழங்காலுக்குக் கீழே எலும்பு தெரிகிற அளவுக்குச் சதை போய்விட்டது. இன்னொருவர் உப்பளத்தில் வேலை செய்கிற பேச்சியம்மாள். உப்பு லாரி ரிவர்ஸ் எடுத்தபோது பாதம் அகப்பட்டுக்கொண்டது. இரண்டு பேருக்கும் டாக்டர் சதை வைத்துத் தைத்தார். வைத்த சதை பிடித்தால் கால் தங்கும். பிடிக்காவிட்டால் எடுக்க வேண்டியதுதான். அதை டாக்டர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். "கால் இல்லாம நான் எப்படிக் கடலுக்குள்ள முங்க?" என்று மிக்கேல் அண்ணன் கேட்டார்.

இரண்டு பேரும் ஆராய்ச்சிக்குச் சம்மதித்தார்கள். ஆராய்ச்சி என்றால் பாதிப் பேருக்குப் பெட்டி உண்டு, பாதிப் பேருக்குக் கிடையாது. மற்ற வைத்தியமெல்லாம் ஒன்றுதான். யாருக்குப் பெட்டி என்பதை டாக்டராலும் தீர்மானிக்க முடியாது, என்னாலும் முடியாது. கம்ப்யூட்டர் குலுக்கிப் போடும். மிக்கேல் அண்ணனுக்கு விழுந்தது. அவர் மனைவி பிலோமி அக்கா உடனே கோயிலுக்கு ஓடி மெழுகுதிரி ஏற்றிவிட்டு வந்தார். பேச்சியம்மாளுக்கு விழவில்லை. இதில் யாருக்கும் ஓரவஞ்சனை கிடையாது, எது நல்லது என்று எங்களுக்கே தெரியாததால்தான் குலுக்குகிறோம் என்று நான் நயமாக விளக்கினேன். என் விளக்கம் எனக்கே கொஞ்சம் வழவழவென்றுதான் இருந்தது. முழுசும் கேட்டுவிட்டு அந்த அம்மாள் சொன்னார்: "உப்பளத்துல நிழல்ல ஒதுங்கத்தான் சிபாரிசு வேணும்னு நெனச்சேன், இங்க காத்துக்கும் வேணுமாக்கும்?"

ஆழம்

எங்கள் பாஷையில் அழுத்தத்தைக் கூட்டுவது என்றால் ஆளைக் கீழே இறக்குவது. குறைப்பது என்றால் மேலே ஏற்றுவது. படுத்த இடத்தில் படுத்தபடியேதான் கிடப்பார்கள், ஆனால் உடம்புக்குக் கடலுக்குள் போய்வந்த கணக்கு. இறங்கும்போது காது அடைக்கும். எச்சில் விழுங்குங்கள், மூக்கைப் பிடித்து ஊதுங்கள் என்று மைக்கில் கத்திக் கத்தி என் தொண்டை போய்விடும். படித்த வாத்தியார் ஒருவர் காது வலியில் கண்ணாடியை உதைத்த கதையெல்லாம் உண்டு.

மிக்கேல் அண்ணன் அலட்டிக்கொள்ளவே இல்லை. தாடையை ஒரு அசைப்பு, அவ்வளவுதான், காது திறந்துகொண்டது. கைகளை மார்பில் கட்டிக்கொண்டு ஜம்மென்று கிடந்தார். "எத்தனை பாகத்துல இருக்கோம் சிஸ்டர்?" என்று ஸ்பீக்கரில் கேட்டார். பாகம் என்பது இரண்டு கையையும் விரித்தால் வருகிற நீளம், கடல்காரர்கள் ஆழத்தை அதில்தான் சொல்வார்கள். மனசுக்குள் கணக்குப் போட்டு, எட்டுப் பாகம் இருக்கும் என்றேன். முகத்தைச் சுளித்தார். "எட்டுப் பாகம் எறங்குனா அங்க சங்காவது கெடைக்கும். இங்க என்னத்த எடுக்க?"

மூச்சு

வில்லங்கம் மேலே ஏறும்போதுதான் வந்தது. அழுத்தத்தைக் குறைக்க ஆரம்பித்தேன். பார்த்தால், மனுஷன் நெஞ்சு அசையவில்லை. வாய் இறுக மூடியிருக்கிறது, கண்ணும் மூடியிருக்கிறது. மூச்சை அடக்கிக்கொண்டு கிடக்கிறார்! குழாயைத் திருப்பி ஏற்றத்தை நிறுத்தினேன். "அண்ணே, மூச்சை விடுங்க!" என்று கத்தினேன்.

விஷயம் என்னவென்றால், அவர் காற்று டியூப் மாட்டாமல் மூச்சடக்கி முங்குகிறவர். கடலில் அவர் மேலேயே மூச்சை நிரப்பிக்கொண்டு இறங்குவார். அது கீழே போகப் போகச் சுருங்கும், மேலே வரும்போது பழைய அளவுக்கு வரும். ஒன்றும் ஆகாது. மேலே வந்து தலையை நீட்டுகிறவரை வாயைத் திறக்கக்கூடாது என்பது அங்கே உயிர்ப் பழக்கம். இங்கேயோ கீழே கிடந்தபடி சுவாசித்த காற்று. அதை அடைத்து வைத்துக்கொண்டு மேலே வந்தால் விரிந்து நுரையீரலைக் கிழித்துவிடும். வேறு எந்த நோயாளியும் செய்யாத தப்பு இது. எடுத்துச் சொன்னால் தலையை ஆட்டுவார். ஏற ஆரம்பித்ததும் வாய் தானாக மூடிக்கொள்ளும். அந்த உடம்பு என் பேச்சைக் கேட்காது.

கடைசியில் பிலோமி அக்காதான், ஜெபமாலை சொல்லச் சொல்லுங்கள் என்றார். பேசிக்கொண்டிருக்கிற வாய் மூச்சை அடக்க முடியாது இல்லையா? ஆனால் அதை ஒருவர் தொடங்க, மற்றவர் மீதியைச் சொல்லி முடிக்க வேண்டும். நானோ நாசரேத் ஊர்க்காரி, புராட்டஸ்டண்ட், எங்கள் சபையில் மாதா ஜெபம் கிடையாது. பிலோமி அக்காவிடம் பாடம் கேட்டுக்கொண்டு, அவர் மாலையைக் கையில் வாங்கிக்கொண்டு, மைக்கில் "அருள் நிறைந்த மரியே" என்று நான் தொடங்க, உள்ளேயிருந்து மிக்கேல் அண்ணன் முடித்தார். மாலையில் ஒவ்வொரு மணியாக உருட்டி ஆளை மேலே ஏற்றினேன். தினமும் இதுதான் வழக்கம் என்றாகிவிட்டது. செல்வம் வாசலில் நின்று பார்த்துவிட்டுக் கேட்டான்: "சிஸ்டர், இந்த ஞாயித்துக்கெழம நீங்க எந்தக் கோயிலுக்கு?"

நிறம்

ஒட்டவைத்த சதை ரோஸாக இருந்தால் நல்லது. ஊதா என்றால் கவலை. கறுப்பு என்றால் பேச ஒன்றுமில்லை. டாக்டர் ஊசியால் குத்திப் பார்ப்பார், சிவப்பாக ரத்தம் வர வேண்டும். கட்டுப் பிரிக்கிறபோது பிலோமி அக்கா காலைப் பார்க்க மாட்டார், என் முகத்தைத்தான் பார்ப்பார். நான் முகத்தைக் கல்லாக வைத்துக்கொள்ளப் பழகியிருந்தேன். மிக்கேல் அண்ணனுக்கு முதலில் ஓரம் ஊதா ஆனது. பெட்டியில் போட்டால் கொஞ்சம் தெளிந்த மாதிரி இருக்கும். எனக்கு ஆசை, அதனால்தான் அப்படித் தெரிந்ததோ என்னவோ. பிறகு ஓரம் கறுத்தது, கறுப்பு உள்ளே நகர்ந்தது, சீழ் எலும்புவரை இறங்கியது. டாக்டர் மறுபடி தியேட்டருக்குக் கொண்டுபோய்த் திறந்து பார்த்தார். தைத்த ரத்தக்குழாய் அடைத்துக் கிடந்தது. எடுக்காவிட்டால் உயிருக்கே மோசம் என்று, முழங்காலுக்குக் கீழே காலை எடுத்துவிட்டார்.

அதே வாரம் பேச்சியம்மாள் வாக்கரைப் பிடித்துக்கொண்டு தன் சொந்தப் பாதத்தில் நடந்து வீட்டுக்குப் போனார். பெட்டிப் பக்கமே வராத கால். எனக்குச் சந்தோஷப்படவும் தெரியவில்லை, அழவும் தெரியவில்லை. டாக்டர் அறைக்குப் போய், "அப்போ நாம தினமும் செஞ்சதெல்லாம் என்ன சார்? இந்தப் பெட்டி உதவுதா இல்லையா?" என்று கேட்டேவிட்டேன். கோபமாகத்தான் கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எத்தனையோ பேருக்கு உதவியிருக்கு, நீங்களே பாத்திருக்கீங்க. ஒரு காலை வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது சிஸ்டர்."

கீழே

எடுத்த இடத்தில் தையல் ஆறவில்லை. அதனால் மிக்கேல் அண்ணனை மறுபடியும் பெட்டிக்கு அனுப்பினார்கள், ஆராய்ச்சிக்கு வெளியே, வெறும் வைத்தியமாக. தள்ளுவண்டியில் வந்தார். ஆழம் கேட்கவில்லை, சங்கைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. இறக்கினேன். தாடையை அசைத்தார், காது திறந்தது. நேரம் முழுக்கக் கண்ணை மூடிக்கொண்டே கிடந்தார். முகம் மட்டும் வரவர இளகிக்கொண்டு வந்தது. தூங்குகிறார் என்று நினைத்தேன்.

ஏற்றுகிற நேரம் வந்தது. மாலையை எடுத்துக்கொண்டு மைக்கில் தொடங்கினேன். உள்ளேயிருந்து பதில் வரவில்லை. வாய் இறுக மூடியிருந்தது. நெஞ்சு அசையவில்லை. ஏற்றத்தை நிறுத்திவிட்டு மறுபடி தொடங்கினேன். இல்லை. "அண்ணே, தயவு பண்ணிச் சொல்லுங்க" என்றேன். கதவோரம் பிலோமி அக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றார்.

அப்புறம் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். நெஞ்சு இறங்கியது, மூச்சு வந்தது. ஸ்பீக்கரில் மெதுவாகக் கேட்டார்: "செத்த நேரம் இங்கனயே கெடக்கட்டுமா சிஸ்டர்? கீழ கெடக்கும்போது ரெண்டு காலும் இருக்க மாதிரியே இருக்கு, மேல வந்தாத்தான் ஒண்ணு."

பெட்டியில் ஆளை இஷ்டத்துக்கு வைத்திருக்க முடியாது, ஆக்சிஜனே அளவு மீறினால் விஷம். ஆனாலும் ஆஸ்பத்திரி விதி விட்ட மட்டுக்கும் அவரை அங்கேயே விட்டுவைத்தேன். பிறகு மாலையைப் பிடித்து மறுபடி தொடங்கினேன். இந்தத் தடவை அவர் முடித்தார். ஒவ்வொரு மணியாக மேலே கொண்டுவந்து கதவைத் திறந்தேன். போர்வைக்கு அடியில் ஒரு பக்கம் பள்ளமாக இருந்தது. பிலோமி அக்கா வந்து அந்தப் பக்கத்தைச் சரிசெய்து மூடினார்.

ஆளைப் பத்திரமாகக் கீழே இறக்கிப் பத்திரமாக மேலே ஏற்றுவதோடு என் வேலை முடிந்தது, மேலே வந்தவர் அதற்கப்புறம் என்ன செய்வார் என்பது ஊறுகாய் டிபார்ட்மென்டில் சேராது என்று சொல்லிக்கொண்டுதான் நானும் தினமும் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காருகிறேன்.